என்எல்எம்இ: பிடிவாதக்காரத் தொகுப்போடு நீண்ட நாள் பழக்கம்

கால்நடை, தோட்டக்கலை ஆராய்ச்சி மாணவர்களின் தரவுகளைப் பகுத்துக் கொடுப்பது என் வேலை. வருகிற கோப்புகள் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கும். குட்டியோ குஞ்சோ செடியோ, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடை போட்டு அல்லது அளந்து வைத்திருப்பார்கள். வளர்ச்சி நேர்கோட்டில் போகாது. முதலில் மெதுவாக, நடுவில் வேகமாக, கடைசியில் தளர்ந்து ஓர் உச்சவரம்பில் நிற்கும். இந்த மாதிரித் தரவுக்கு நான் பல வருடமாக நம்பியிருப்பது ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியை நிறுவும்போதே கூட வந்துவிடும் என்எல்எம்இ (nlme) என்ற மென்பொருள் தொகுப்பை. அதோடு ஒத்துப்போகவும் சண்டை போடவும் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்னமும் பலர் வாரத்துக்கு ஓர் அனோவா (குழுச் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டு, பத்து வாரத்துக்குப் பத்து அட்டவணை கொடுக்கிறார்கள். ஒரே ஆட்டின் ஐந்தாம் வார எடையும் ஆறாம் வார எடையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று பாவித்துக்கொள்ளும் வேலை அது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மேரி லிண்ட்ஸ்ட்ராமும் டக்ளஸ் பேட்ஸும் 1990இல் வெளியிட்ட கணிப்புமுறைதான் என்எல்எம்இ-யின் அடித்தளம். யோசே பினெய்ரோவும் பேட்ஸும் அதை மென்பொருளாக்கி, 2000இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். யோசனை எளிமையானது. எல்லா உயிருக்கும் வளைவின் வடிவம் ஒன்று. வளைவை நிர்ணயிக்கும் எண்களான பாராமீட்டர்கள் மட்டும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் விலகும். அந்த விலகலுக்கும் ஒரு பரவல் உண்டு. இந்த விலகல்கள்தான் சமவாய்ப்பு விளைவுகள். பொதுவானதையும் இவற்றையும் சேர்த்துப் பொருத்துவது கலப்பு மாடல். வளைவு நேர்கோடாக இல்லாததால் நேரிலா மாடல்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஆர் மொழியிலேயே இருக்கும் ஆரஞ்சு மரத் தரவைத் திறந்து காட்டுவேன். ஐந்து மரங்கள், மரத்துக்கு ஏழு அளவுகள், மொத்தம் 35 வரிகள். 118ஆம் நாளில் எல்லா மரங்களின் சுற்றளவும் 30 முதல் 33 மி.மீ.க்குள். 1582ஆம் நாளில் சிறியது 140, பெரியது 214. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லாஜிஸ்டிக் வளைவை (S வடிவ வளர்ச்சிக் கோடு) பொருத்தினால் உச்சவரம்பு 193 மி.மீ. வாக்கில் வரும், எச்சப் பிழை (வளைவிலிருந்து அளவுகள் விலகும் தூரம்) 23 மி.மீ. அளவுக்கு இருக்கும். உச்சவரம்பை மட்டும் மரத்துக்கு மரம் மாறவிட்டுப் பாருங்கள். சராசரி ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும், எச்சப் பிழையோ 8 மி.மீ.க்குக் கீழே இறங்கிவிடும். பிழை என்று நாம் ஒதுக்கி வைத்ததில் பெரும்பகுதி மரங்களின் தனித்தன்மைதான்.

அதே தரவில் எனக்குப் பிடித்த இன்னொரு சங்கதி உண்டு. 1004ஆம் நாளுக்கும் 1231ஆம் நாளுக்கும் இடையில் 227 நாட்கள். ஐந்து மரங்களும் 5 முதல் 17 மி.மீ. வரைதான் பெருத்தன. அடுத்த 141 நாட்களில் 22 முதல் 32 மி.மீ. வரை! அதற்கடுத்த 210 நாட்களில் ஒன்றுகூட 5 மி.மீ.யைத் தாண்டவில்லை. ஐந்தும் ஒரே நேரத்தில் தூங்கி, ஒரே நேரத்தில் விழித்தால் அது பருவத்தின் வேலை என்றுதான் தோன்றுகிறது. லாஜிஸ்டிக் வளைவுக்கு வெயிலும் குளிரும் தெரியாது. எச்சங்களை மரவாரியாக மட்டும் வரைந்தால் இது சுலபத்தில் பிடிபடாது. தேதிவாரியாக வரைந்தால் பளிச்சென்று தெரியும். மரத்துக்கு ஒரு விளைவு, அளந்த தேதிக்கு ஒரு விளைவு என இரண்டையும் குறுக்காகச் சேர்ப்பதுதான் சரியான வழி. என்எல்எம்இ-யில் இதைச் செய்வதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் குழுக்களுக்காகவே கட்டப்பட்ட தொகுப்பு அது. என் முதல் பெரிய குறை இது.

அடுத்தது எல்லோரும் திட்டுவது: கணிப்பு ஒரு விடைக்கு வந்து சேராமல், அதாவது ஒருங்காமல் நின்றுவிடுவது. விடையை நோக்கி எடுக்கும் படியின் நீளத்தைப் பாதி பாதியாகக் குறைத்தும் பயனில்லை, குறைந்தபட்ச எல்லைக்கும் கீழே போய்விட்டது என்று சிவப்பெழுத்தில் ஒரு செய்தி வரும். அதைப் பார்த்ததும் சகிப்பெல்லையை (எவ்வளவு துல்லியம் போதும் என்ற வரம்பை) தளர்த்தி, சுற்றுகளை ஏற்றி, எப்படியாவது ஒரு விடையை வாங்கிவிடத் துடிப்பார்கள். நான் முதலில் தரவைத்தான் சந்தேகப்படுவேன். காரணம் சொல்ல, ஆர் மொழியின் கோழிக்குஞ்சுத் தரவைவிட நல்ல உதாரணம் கிடையாது. 50 குஞ்சுகள், நான்கு தீவனங்கள், 21 நாட்கள். முதல் குஞ்சு 42 கிராமில் தொடங்கி 21ஆம் நாள் 205 கிராமுக்கு வருகிறது. அதற்கு மட்டும் லாஜிஸ்டிக் வளைவைப் பொருத்தினால் உச்சவரம்பு 937 கிராம் என்கிறது. வேகம் உச்சத்தைத் தொடும் திருப்புமுனை 35ஆம் நாள். அளந்ததோ 21 நாள்தான்! பார்க்காத எதிர்காலத்தை வளைவு தன்பாட்டுக்கு ஊகித்துச் சொல்கிறது. இப்படிப்பட்ட குஞ்சுகள் கூட்டமாக இருந்தால் உச்சவரம்பும் திருப்புமுனையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடும், தொகுப்பு மூச்சு முட்டி நிற்கும். விற்பனை வயதிலேயே எடை போடுவதை நிறுத்திவிட்டு, முதிர்ந்த எடை என்ன என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதைத்தான் அந்தச் சிவப்பெழுத்து சொல்லிக்கொண்டிருக்கிறது.

தரவு உண்மையிலேயே போதுமானதாக இருந்தும் முரண்டு பிடித்தால், எனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். தொடக்க மதிப்பைத் தானே கணித்துக்கொள்ளும் வளைவுகள் ஆர் மொழியில் தயாராக உள்ளன. அவற்றைக் கொண்டு முதலில் ஒவ்வொரு உயிருக்கும் தனித்தனியாகப் பொருத்திவிடுவேன். அந்தப் பட்டியலைப் பார்த்தாலே எந்தப் பாராமீட்டர் ஆளுக்கு ஆள் மாறுகிறது, எது சும்மா இருக்கிறது என்பது தெரியும். பிறகு தீவனம், பாலினம் எதையும் சேர்க்காமல் ஒரு கலப்பு மாடல். சமவாய்ப்பு விளைவுகளுக்குள் உடன்தொடர்பு இல்லை என்று வைத்துக்கொள்வேன். அது ஓடிவிட்டால் அதன் மதிப்புகளையே தொடக்கமாகக் கொடுத்து, தீவன வேறுபாடுகளுக்குப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று போட்டு அடுத்த மாடல். கடைசியில்தான் உடன்தொடர்பு. நேராக முழு மாடலுக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம் புலம்புகிறார்கள்.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எடை கூடக் கூடச் சிதறலும் கூடும் என்பதை ஒரே வரியில் மாடலுக்குள் கொண்டுவரலாம். அளவுகளுக்கிடையே நாள் இடைவெளி சமமாக இல்லாவிட்டாலும் அடுத்தடுத்த அளவுகளின் தொடருறவைக் கையாளலாம். இந்த இரண்டும் எல்எம்இ4 (lme4) என்ற இன்னொரு கலப்பு மாடல் தொகுப்பின் நேரிலா மாடலில் கிடையாது, அதனால் அது வேகமாக ஓடினாலும் எனக்கு ஒத்துவரவில்லை. விட்டுப்போன அளவுகளும் தலைவலி தருவதில்லை. கோழித் தரவில் 18ஆம் குஞ்சுக்கு இரண்டே எடைகள், 39 கிராமும் 35 கிராமும். அதற்கென்று தனியாக எந்த வளைவும் பொருந்தாது. கலப்பு மாடல் மற்ற குஞ்சுகளிடம் கடன் வாங்கி அதற்கும் ஒரு வளைவு தரும். நோஞ்சானாக இருந்ததால்தான் அதற்கு அளவுகள் குறைந்தனவா என்ற கேள்வியை மட்டும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

எந்த வளைவு என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. லாஜிஸ்டிக் வளைவு உச்சவரம்பின் சரிபாதியில் திரும்பும், கோம்பெர்ட்ஸ் என்ற இன்னொரு S வடிவ வளைவு 36.8 சதவீதத்தில். கோழிக்குப் பெரும்பாலும் பின்னதுதான் நன்றாக உட்காரும். (மனிதர்கள் எந்த வயதில் சாகிறார்கள் என்று 1825இல் கணக்குப் போட்ட கோம்பெர்ட்ஸின் சூத்திரம், இன்று கோழிப் பண்ணையில்!) இரண்டையும் போட்டு ஏஐசி (மாடல்களை ஒப்பிட உதவும் எண்) பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது வேறோர் இடத்தில். மாடல் தரும் நடுவளைவை மந்தையின் சராசரி எடை என்று எழுதிவிடுகிறார்கள். நேரிலா மாடலில் அது சராசரிப் பாராமீட்டர்களைக் கொண்ட ஓர் ஆட்டின் வளைவு. எல்லா ஆடுகளின் வளைவுகளையும் சராசரி எடுத்தால் வருவது வேறு. பிள்ளைகளின் உயரத்தில் இது நன்றாகப் புலப்படும். ஒருவருக்கு 11 வயதிலும் இன்னொருவருக்கு 14 வயதிலும் திடீர் வளர்ச்சி வந்தால், சராசரிக் கோட்டில் அந்த எழுச்சி பரவி மழுங்கிவிடும். புள்ளியியலாளர் டிம் கோல் குழுவினர் 2010இல் விவரித்த சைட்டார் முறை ஒவ்வொரு பிள்ளையின் அளவு, காலம், வேகம் மூன்றையும் தனித்தனியாக நகர்த்திப் பொருத்துகிறது. உள்ளே ஓடுவது இதே என்எல்எம்இ தான்.

இப்போதெல்லாம் இரண்டு தருணங்களில் பிஆர்எம்எஸ் (brms) என்ற பேய்சியன் தொகுப்புக்கு, அதாவது முன்னறிவையும் கணக்கில் சேர்க்கும் தொகுப்புக்குப் போய்விடுகிறேன். தேதிவாரி விளைவு வேண்டுமென்றால் ஒன்று. முதிர்ந்த எடை பற்றி முன்னறிவு இருந்தால் இன்னொன்று. இந்த இனத்துப் பெட்டை இவ்வளவுக்கு மேல் வளராது என்பதை முன்பரவலாகக் கொடுத்துவிட்டால் 937 கிராம் மாதிரியான கூத்துகள் அடங்கும். முன்பரவலைப் பற்றி ஆய்வுக்கட்டுரையில் ஒரு பத்தி எழுத வேண்டும், தேர்வாளர் கேட்டால் பதிலும் வேண்டும். ஓட்டத்துக்கும் நேரம் பிடிக்கும். என்எல்எம்இ சில நொடியில் முடிப்பதற்கு இங்கே டீ குடித்துவிட்டு வரலாம்.

என்எல்எம்இ-யை இன்றே எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கணித்த வளைவைச் சுற்றி நம்பக எல்லைப் பட்டை வரைய நினைத்தால் அதன் கணிப்புக் கட்டளை கைவிரித்துவிடும், திட்டப்பிழை எதுவும் தராது. என்எல்ஆர்ஏஏ என்ற துணைத்தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டையை அது போட்டுக் கொடுக்கும்.