ஊரிலிருந்து போய்வருவதா, நகரில் அறை எடுப்பதா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வீடு, மட்டக்களப்பு நகரில் வேலை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை வாவியைக் கடக்கப் பாதைக்கு, அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கு, காத்திருந்தோம். இப்போது கொக்கட்டிச்சோலைப் பக்கத்து இளைஞர்களுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது, அதனால்தான் தடுமாற்றம்.

செலவு
போய்வந்தால்: பெற்றோல், டயர்.
தங்கினால்: வாடகை, முற்பணம், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. ஊர்தான் மலிவு.

நேரம்
நகரில் தங்குபவருக்கே லாபம். மறுபேச்சில்லை.

பாதுகாப்பு
போய்வந்தால்: மாரியில் வீதிக்கு மேல் வெள்ளம், வெல்லாவெளிப் பக்கம் இருட்டினால் யானை.
தங்கினால்: அந்தப் பயமில்லை.

வயலும் உறவும்
தங்கினால்: வயல் குத்தகைக்குப் போகும். கண்ணகி அம்மன் சடங்குக்கும் விருந்தாளியாகத்தான் வர முடியும்.
போய்வந்தால்: அலுவலகச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, பொழுதுபடுமுன் வாய்க்காலை வெட்டித் தண்ணீர் திருப்பிவிடலாம். பெரும்போகம் என்னும் மாரிக்கால நெல் வேளாண்மை கைவிட்டுப் போகாது. எனக்கு இதுவே பெரிது. குத்தகைக்கு விட்ட வயலுக்குத் திரும்பியவர்கள் குறைவு.

பாலத்துக்கு அருகே வீடும் பகல் வேலையும் உள்ளவர் ஊரிலேயே இருக்கட்டும். இரவு முறை வேலை பார்ப்பவரும், வெல்லாவெளிக்கு அப்பாலிருந்து வருபவரும் நகரில் அறை எடுப்பதே நல்லது. மாரி மாதங்களுக்கு மட்டும் எடுத்தாலும் போதும்.