ஒரே வளவு, இரண்டு வீடு: மாமியின் டிவிக்குப் படம் போக எது நல்ல வழி?

மட்டக்களப்புப் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அந்த வீடும் பெரும்பாலும் தாயின் வளவிலேயே எழும்பும். எங்கள் கதையும் அதுதான். கல்லடியில் முன்னால் மாமி வீடு, பின்னால் எங்கள் வீடு, நடுவில் ஒரு கிணறு, சில தென்னை, 25 மீட்டர் மணல். இணைய இணைப்பு ஒன்றுதான், அது எங்கள் வீட்டுக்கு வருகிறது. கலியாண வீடியோ, கண்ணகி அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கு, பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் எங்கள் பக்கம். அவற்றைப் பார்க்க ஆசைப்படுகிற மனுசி அந்தப் பக்கம்.

முதலில் மாமி கேட்டது: "இதுக்கும் டேட்டா போகும்தானே மகன்?" போகாது. எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள படம் எங்கள் ரவுட்டர் வழியாக அவருடைய டிவிக்குப் போகிறது. வளவு வேலியைத் தாண்டுவதில்லை. சொன்னால் நம்பவில்லை. இணைய வயரைக் கழற்றிக் காட்டினேன், படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஜிபியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீடுகளில்கூட இது பலருக்குத் தெரியாது. பிள்ளைகள் ஒரே கார்ட்டூனை யூடியூப்பில் நாற்பது தரம் பார்ப்பார்கள், நாற்பது தரமும் டேட்டா கரையும்.

சரி, படத்தை அந்த 25 மீட்டர் எப்படிக் கடத்துவது? எல்லாரும் முதலில் வாங்குவது ரிப்பீட்டர், வைஃபை அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி. நானும் வாங்கினேன். மலிவு, சுவரில் குத்தினால் வேலை முடிந்தது. ஆனால் மலிவான ரிப்பீட்டரில் அலையை வாங்கி அனுப்பும் வானொலிக் கருவி ஒன்றே ஒன்றுதான். கேட்டதையே அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதால் வேகம் பாதியாகிவிடும். குசினி யன்னலில் வைத்துப் பார்த்தேன். யூடியூப் ஓடியது, எங்கள் சொந்த 1080பி வீடியோ நின்று நின்று ஓடியது. பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாகப் பரப்பும் மெஷ் இதைவிட எவ்வளவோ மேல், பெட்டிகள் தங்களுக்குள் பேச விலை கூடியவற்றில் தனி வானொலிக் கருவி உண்டு. ஆனால் இரண்டு கொங்கிரீட் சுவரும் மழையில் நனைந்த தென்னோலையும் குறுக்கே நின்றால் அவையும் திணறும். மெஷ்ஷுக்கு நடுவில் ஒரு வயர் போட்டால் அருமையாக ஓடுகிறதே என்பார்கள். ஓடும், ஏனென்றால் ஓடுவது வயர்.

மின்சார வயர் வழியாகவே நெட்வொர்க்கை அனுப்பும் பவர்லைன் பெட்டிகளை எங்களைப் போன்றவர்கள் வாங்கத் தேவையில்லை. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர். அதைத் தாண்டி ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்பிக் காசைப் போட முடியாது.

ஆகவே மண்ணைத் தோண்டினேன். கெட் 6 வகைச் செப்பு நெட்வொர்க் கேபிள், பிவிசி குழாய்க்குள். இந்த ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம், நமக்கு 25 பெரிய விசயமே இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: விலை குறைந்த கேபிள்களில் பல, அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசியவை. கடலுப்புக் காற்றடிக்கும் ஊரில் அதை வாங்கவே கூடாது. ஒன்றரை வருடம் அந்தக் கேபிள் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு ஓர் ஐப்பசி மாலை, இடி எங்கள் வளவில்கூட விழவில்லை, எங்கோ பக்கத்தில்தான். எங்கள் ரவுட்டரின் ஒரு போர்ட்டும் மாமி டிவியின் கேபிள் போர்ட்டும் ஒன்றாகச் செத்தன.

இதற்குக் காரணம் எளிது. இரண்டு வீட்டுக்கும் இரண்டு ஏர்த். பக்கத்தில் மின்னல் இறங்கும்போது அந்த இரண்டு நிலத்துக்கும் இடையில் கணநேரம் பெரிய வோல்டேஜ் வித்தியாசம் வரும், அது ஓட நாமே ஒரு செப்புப் பாலம் போட்டு வைத்திருக்கிறோம். ஒரே வீட்டுக்குள் செப்புக் கேபிளை வெல்ல ஒன்றுமில்லை. இரண்டு கட்டடத்துக்கு நடுவில், ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கும் ஊரில், எனக்கு இனி அது வேண்டாம்.

மிச்சம் இரண்டு. கூரையில் கம்பி நட்டு, எதிரெதிரே பார்க்கும் வெளிப்புற வயர்லெஸ் கருவிச் சோடி ஒன்று. மண்ணுக்குள் ஃபைபர் மற்றது. வயர்லெஸ் சோடிக்குத் தோண்டல் வேலை இல்லை, நேர்ப்பார்வை இருந்தால் கிலோமீட்டர் கணக்கில் போகும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அகலமான வளவுகளில், வயல் குடிலான வாடிக்குக்கூட இணைப்புக் கொடுக்க, அதைத்தான் சொல்வேன். எங்கள் வளவில் நேர்ப்பார்வையைத் தென்னை மறைத்தது. தவிர, கருவி நிற்பது கூரையில், அதிலிருந்து ஒரு செப்புக் கேபிள் வீட்டுக்குள் இறங்குகிறது. பழைய பயம் வேறு வடிவில் திரும்பி வருகிறது.

ஃபைபர் கண்ணாடி. மின்னலுக்கு அதில் வழியில்லை. உள்ளே உலோகக் கம்பி ஓடாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் முன்கூட்டியே கனெக்டர் போட்ட கேபிள், ஒவ்வொரு பக்கமும் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் ஒரு மீடியா கன்வேர்ட்டர். ஒற்றை இழையில் ஓடும் வகையானால் கன்வேர்ட்டர் ஏ, பி என்று சோடியாக வரும், இரண்டு ஏ வாங்கிக்கொண்டு வந்து முழிக்கக் கூடாது. 100 மெகாபிட் வகையும் 1 கிகாபிட் வகையும் ஒரே மாதிரிப் பெட்டியில் விற்கும், அதையும் வாசித்து வாங்குங்கள். குறை இல்லாமல் இல்லை. யாராவது மண்வெட்டியால் கொத்தினால் ஒட்டுப்போட மெசின் உள்ள ஆள் வேண்டும். அதனால் குழாய்க்குள் ஒரு நைலோன் கயிற்றையும் சேர்த்து இழுத்து வைத்திருக்கிறேன், அறுந்தால் புதியதைக் கட்டி இழுத்துவிடலாம்.

காத்தான்குடியில் இருக்கும் நண்பருக்கு இந்தக் கதை ஒன்றுமே பொருந்தவில்லை. அங்கே சுவரோடு சுவராக வீடுகள், போனைத் திறந்தால் இருபது வைஃபை பெயர். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசை 1, 6, 11 என்று மூன்றுதான். அவருக்கு நல்ல ரவுட்டர் ஒன்றை நடுக் கூடத்தில் வைத்து 5 கிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டாலே போதும். அந்த அலை சுவரைத் தாண்டத் திணறும் என்பது அங்கே வரம், பக்கத்து வீட்டு அலையும் இந்தப் பக்கம் வராது.

இனிப் படம் இருக்கும் இடம். ரவுட்டரின் பின்னால் உள்ள யூஎஸ்பி துளையில் ஹார்ட் டிஸ்க்கைக் குத்துவது மிக எளிது, தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். எஃப்ஏடி32 முறையில் தயாரித்த டிஸ்க்கில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, கலியாண வீடியோ அங்கேயே நின்றுவிட்டது. பழைய ரவுட்டர்கள் பல எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையில்தான் பேசும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்டு உலகை ஆட்டிய வன்னாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் இயல்பாக அது இருப்பதில்லை. டிஸ்க் லப்டொப்பில் தெரியவில்லை என்று பலர் தலையைப் பிய்ப்பது இதனால்தான். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று அதைத் திரும்பப் போடாதீர்கள்.

ரவுட்டர் போதாவிட்டால், டிஸ்க்கை வைத்து எப்போதும் ஓடும் ஒரு கணினி வேண்டும். கையளவுக் கணினியான ராஸ்பெரி பை 4 அழகான சாமான். சுமார் 5 வாட், மாதம் 4 யூனிட்டுக்குள் அடங்கும். பழைய டெஸ்க்டொப் 60 வாட் இழுத்தால் மாதம் 43 யூனிட், 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டணமே வேறு கணக்குக்கு மாறும் நாட்டில் இது சின்னத் தொகை இல்லை. நெட்வொர்க்கில் கோப்புகளை வைத்துப் பகிரவே செய்த, இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி அமைதியானது, நம்பகமானது, விலைதான் நெஞ்சைப் பிடிக்கும். அதில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதி இருப்பதால் காப்புப்பிரதி எடுத்தாயிற்று என்று நினைப்பது தவறு. ஒன்றில் அழிந்தால் மற்றதிலும் அழியும். இடி வந்தால் இரண்டும் போகும்.

நான் வைத்திருப்பது திரை உடைந்த பழைய லப்டொப். 15 வாட், மாதம் 11 யூனிட். ராஸ்பெரி பையில் இல்லாத ஒன்று இதில் உண்டு: பற்றரி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போன காலத்தைக் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். கரண்ட் போகும்போது டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தாலும் பொறுமையாக முடித்துவிட்டு நிற்கும். எப்போதும் பிளக்கில் இருப்பதால் பற்றரி வீங்கலாம், சார்ஜை 60 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். வாங்குவதானால் 7ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தியது. 10 பிட் எச்.265 என்று இறுக்கிச் சுருக்கிய வீடியோவை அது வன்பொருளிலேயே பிரிக்கும். கேபிள் போர்ட்டையும் பாருங்கள். 50 ஜிபி கலியாண வீடியோவை ஏற்ற 100 மெகாபிட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், கிகாபிட்டில் எட்டு நிமிடம்.

மென்பொருளில், கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் சம்பாவை முதலில் சொல்லிவிடுகிறேன். நமக்குச் சம்பா என்றால் அரிசி. இது 1992இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கியது. கோப்புகளைக் கணினிக்குக் கணினி நகர்த்த இதை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் மாமியிடம் ரிமோட்டைக் கொடுத்துக் கோப்புறை தேடச் சொல்ல முடியாது. டிவிகள் வீட்டு நெட்வொர்க்கில் படத்தைத் தேடி எடுக்கும் டிஎல்என்ஏ முறை அதைவிடச் சுலபம். அதை நடத்திய அமைப்பு 2017இல் கலைந்துவிட்டது, ஆனாலும் டிவிகளில் முறை உயிரோடு இருக்கிறது. பட்டியலைக் காட்டும், திறக்கும், அவ்வளவே. எங்கள் பழைய டிவி தமிழ்ப் பெயர்களைப் பெட்டி பெட்டியாகக் காட்டியது.

உண்மையான போட்டி, நம் படங்களை அடுக்கி டிவிக்கு அனுப்பும் மென்பொருள்களான பிளெக்ஸுக்கும் ஜெல்லிஃபின்னுக்கும்தான். தோற்றத்தில் பிளெக்ஸ் ஒரு படி மேல், அநேகமாக எல்லா டிவியிலும் செயலி கிடைக்கும். ஆனால் அது அவர்களுடைய கணக்கோடு கட்டுண்டது. இணையம் அறுந்த நேரம் உள்நுழைவு கேட்டு மல்லுக்கு நிற்கும், முன்கூட்டியே அமைப்பில் மாற்றினால்தான் விடும். வன்பொருளால் வீடியோ மாற்றும் வசதிக்கும் காசு. 2025 ஏப்ரல் கடைசியில் ஆயுட்காலக் கட்டணத்தை 119.99 டொலரிலிருந்து 249.99க்கு ஏற்றினார்கள், வெளியூரிலிருந்து சொந்த வீடியோவைப் பார்ப்பதையும் காசாக்கினார்கள். ஜெல்லிஃபின், எம்பி (Emby) என்ற இன்னொரு மென்பொருள் தன் நிரலை மூடியபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்தது. முற்றிலும் இலவசம், யாருடைய கணக்கும் வேண்டாம். அமைக்க எனக்கு ஒரு சனிக்கிழமை போனது, சில டிவிகளில் செயலி இல்லாததால் ஒரு ஆண்ட்ரொய்ட் பெட்டியும் வாங்க வேண்டி வந்தது. இணையம் விழுந்த நாளிலும் படம் ஓட வேண்டும் என்பது என் நிபந்தனை, அதனால் ஜெல்லிஃபின். பழைய விசிடியின் டாட் (.dat) கோப்புகளை மட்டும் முதலில் எம்பி4 ஆக மாற்றிப் போட்டேன். 352க்கு 288 படம் பெரிய டிவியில் கஞ்சி மாதிரித்தான் தெரியும். மாமிக்கு அது குறையாகப் படவில்லை.

சுவிஸில் உள்ள மச்சாளும் பார்க்க வேண்டும் என்றார். பிளெக்ஸில் காசு கட்டலாம், அல்லது தூரத்துக் கருவிகளை ஒரே தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டு ஜெல்லிஃபின்னுக்கே வழி விடலாம். இணையத்தில் நமக்கென்று தனி முகவரி (ஐபி) கிடைக்காத 4ஜி ரவுட்டரிலும் அது வேலை செய்யும். இரண்டையும் காட்டினேன். அவருக்கு வேண்டியது குளிர்த்தியில் இருபது நிமிடத் துண்டுதான், அதைப் போனுக்கே அனுப்பிவிட்டேன். இப்போது அவர் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் எல்லா வீடியோவும் ஏற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க் அவருடைய பெட்டியில் போகிறது. போன தரம் கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவார். வளவில் இடி விழுந்தாலும் ஒரு பிரதி சுவிஸில் இருக்கும்.