ஹிஸ்டமின் தொல்லை உள்ளவர்களுக்குப் பாசி மாத்திரை உதவுமா? நீண்ட நாள் சாப்பிட்ட அனுபவம்

கருவாடு சாப்பிட்டால் எனக்கு முகம் சிவந்து தலை விண்விண் என்று தெறிக்கும். சூரை மீன் என்றால் கழுத்தில் தடிப்பும் வரும். ஒவ்வாமைப் பரிசோதனையில் மீனுக்கு எதுவும் காட்டவில்லை. சில உணவுகளில் இருந்து ஒவ்வாமை போன்ற தொல்லைகளைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் குடலில் சிதைக்கும் டிஏஓ என்ற நொதி போதாவிட்டால் இப்படி ஆகும் என்றார் மருத்துவர். இதை உறுதி செய்ய நம்பகமான ஒற்றைப் பரிசோதனை கிடையாது. சந்தேகமான உணவுகளைச் சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி. எனக்கு அதிலேயே தெளிவாகிவிட்டது.

சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா மாத்திரையைத் தொடங்கியது மூக்கடைப்புக்காக. ஒவ்வாமையால் மூக்கொழுகுபவர்களுக்கு அதனால் தும்மலும் அடைப்பும் குறைந்ததாகத் துருக்கி ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. எனக்கும் காலைத் தும்மல் குறைந்தது உண்மை. ஆனால் அதே சமயம் தலையணை, மெத்தை உறையெல்லாம் மாற்றினேன். முழுப் பெருமையையும் மாத்திரைக்குக் கொடுக்க மாட்டேன்.

மீன் விஷயத்தில் இம்மியும் மாற்றமில்லை. யோசித்தால் அது சரிதான். நம் செல்களிலிருந்து ஹிஸ்டமின் வெளியாவதை ஸ்பைருலினா தணிக்கலாம் என்பதற்கு எலிகளில் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. ஐஸ் இல்லாமல் கிடந்த மீனில் பாக்டீரியா ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட ஹிஸ்டமின் வேறு. கொதிக்கவைத்தாலும் அது போகாது. அதைச் சிதைப்பது நொதியின் வேலை. 'ஹிஸ்டமின் எதிர்ப்பு' என்று விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

வாங்குவதென்றால் பொடியைவிட மாத்திரை மேல். அடைமழைக் காலத்தில் பொடி டப்பாவை நாலு தடவை திறந்தால் போதும், கட்டி தட்டிக் குளத்துப் பாசி வாடை தூக்கலாகிவிடும். மோரில் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். புளித்த உணவிலும் ஹிஸ்டமின் இருக்கலாம் என்பதால் புளித்த மோரே நமக்கு ஆகாது என்பதை மறந்துவிடாதீர்கள். எந்த பிராண்டானாலும் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான (பேட்ச்) கன உலோகம், மைக்ரோசிஸ்டின் (சில நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் நச்சு) ஆகியவற்றின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். அசைவம் சாப்பிடாதவர்கள் பி12-க்கு இதை நம்பக் கூடாது. இதிலுள்ளது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி பி12. குளோரெல்லா என்ற இன்னொரு பாசி எனக்கு வயிற்றை உப்பவைத்தது, சீக்கிரமே விட்டுவிட்டேன்.

உண்மையில் எனக்குப் பயன்பட்டது பாசி எண்ணெய் கேப்சூல். மீனைக் குறைத்த பிறகு ஒமேகா-3-க்கு என்ன செய்வது என்ற கவலை இருந்தது. மீனுக்கே டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு வருவது கடல் நுண்பாசியிலிருந்துதான், அப்புறம் எதற்கு மீன்? தடிப்போ தலைவலியோ ஒருமுறைகூட வரவில்லை. மீன் எண்ணெயைவிட விலை கூடுதல். லேபிளில் மொத்த எண்ணெயின் அளவைப் பார்க்காமல் டிஹெச்ஏ எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள்.

இப்போது பாசி எண்ணெய் தினமும் மதியச் சாப்பாட்டோடு, ஸ்பைருலினா பனிக்காலத்தில் மட்டும். ஃபீனைல்கீட்டோனூரியா (புரதத்திலுள்ள ஃபீனைல்அலனினை உடம்பால் சிதைக்க முடியாத பிறவிக் குறைபாடு) உள்ளவர்கள் ஸ்பைருலினா பக்கமே போக வேண்டாம். தன்னெதிர்ப்பு நோய் இருந்தாலும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிட்டாலும், எந்தப் பாசியையும் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.