ஏழுகல் வைரத் தோடு: கல்யாண நாளுக்கு வாங்கி, ஆறு வருடம் காதில் போட்ட பிறகு

எங்கள் வீட்டில் கல்யாண நாள் என்றால் ஒரு புடவையோடு கதை முடிந்துவிடும். பதினைந்தாவது வருடத்துக்குத்தான் வீட்டுக்காரர், "ஏதாவது நகையா எடுத்துக்கோ" என்றார். இருந்த பணத்துக்கு ஒரு சின்ன ஆரம் வாங்கலாம், ஒரு ஜோடி வளையல் வாங்கலாம், இல்லையென்றால் வைரத் தோடு. ஆரம் வருடத்துக்கு இரண்டு விசேஷம் பார்க்கும். மற்ற நாளெல்லாம் பேங்க் லாக்கர்தான். கல்யாண நாளுக்கென்று வாங்குவது பால் காய்ச்சும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் உடம்பிலேயே கிடக்கவேண்டும் என்பது என் கட்சி. அதனால் தோடு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று காதுக்கு ஏழு கல்.

அத்தைக்கு ஒரே கவலை. "வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காதும்மா, ராசி பாத்து வாங்கு." பழகிய கடைக்காரர்கள் வைரத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள், சில நாள் வைத்திருந்து நல்லது கெட்டது பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம் என்பது பழைய வழக்கம். எனக்கு ராசியில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அப்படிக் கொடுக்கிற கடையாகத்தான் பிடித்தோம். கடை ஸ்பாட்லைட்டில் எந்தக் கல்லும் ஜொலிக்கும். வீட்டு ட்யூப்லைட்டிலும் வாசல் வெயிலிலும் பார்த்தால்தான் மஞ்சள் ஓட்டம் தெரியும். நாங்கள் திருச்சிக்காரர்கள். வைரம் மாதிரி ஜொலிக்கும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது இங்கே சுற்றுவட்டார கிராமங்களில் ஒரு காலத்தில் பெரிய குடிசைத் தொழில். ஜொலிப்பை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மனசு வராது.

அத்தையின் தோடு 'ப்ளூ ஜாகர்'. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துக் கல் என்று பெயர். லேசான நீல ஓட்டம் இருக்கும். அந்தச் சுரங்கத்தை 1971லேயே மூடிவிட்டார்கள். இன்றைக்குப் புதுக் கல்லைக் காட்டி யாராவது 'ப்ளூ ஜாகர்' என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அத்தையுடையது க்ளோஸ்ட் செட்டிங், பின்பக்கம் முழுக்கத் தங்கத்தால் மூடியது. கல் பெரியதாகத் தெரியும், பழைய களை வரும். ஆனால் இடுக்கு வழியாக ஒருமுறை எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ உள்ளே போனால் கல் மங்கிப்போகும். பத்தரிடம் கொடுத்துப் பிரித்துக் கட்டவேண்டும். நான் வாரம் இரண்டு முறை தலைக்கு எண்ணெய் வைக்கிறவள். அதனால் பின்பக்கம் திறந்திருக்கும் ஓப்பன் செட்டிங் எடுத்தேன். இந்த ஆறு வருடத்தில் நான் ரொம்பத் திருப்திப்பட்டது இந்த ஒரு முடிவில்தான்.

வைரத்தில் கீறல் அவ்வளவு சுலபமாக விழாது. எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் உடனே ஒட்டிக்கொள்ளும். முன்பக்கத்தை எவ்வளவு துடைத்தாலும் பிரயோஜனமில்லை. உள்ளே போன வெளிச்சம் கல்லின் அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பவேண்டும், அழுக்கு சேர்வதோ அங்கேதான். இரண்டு மாதம் சும்மா விட்டால் என் தோடு கண்ணாடிக் கல் மாதிரி ஆகிவிடும். பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் தோட்டைக் கால் மணி நேரம் போட்டு, மெத்தென்ற பழைய டூத்பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தேய்த்தால் பழையபடி வந்துவிடும். கிண்ணத்தில் வைத்துச் செய்யுங்கள், வாஷ்பேசினில் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

இனி குறை. கல்லில் எந்தக் குறையும் இல்லை, திருகாணிதான் படுத்தியது. மூன்றாவது வருடம் போல, இரவில் திருகிவிட்டுப் படுத்தால் காலையில் தளர்ந்திருக்கும். தண்டில் மரை தேய்ந்துவிட்டது. தண்டை மெல்லிசாகப் போட்டிருக்கிறார்கள். வாங்கிய கடையில் கேட்டால் "தினமும் கழட்டி மாட்டினா தேயத்தான் செய்யும்" என்று பதில். தினமும் கழற்றியதே இல்லை என்று சொல்லியும் கூலி இல்லாமல் பார்க்க மாட்டேன் என்றார்கள். கடைசியில் எங்கள் தெருப் பத்தர், கல்லைக் கழற்றி வைத்துவிட்டு, கனமான புதுத் தண்டு பற்றவைத்து, அதற்குப் பொருந்தத் திருகாணியும் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை. கடையில் தோடு பார்க்கும்போது எல்லோரும் கல்லைத்தான் பார்க்கிறோம். திருப்பிப் பிடித்துத் தண்டின் கனத்தைப் பாருங்கள், திருகாணி எத்தனை சுற்று போகிறது என்று நீங்களே திருகிப் பாருங்கள்.

பில் விஷயம். கல்லின் எடை தனி, தங்கத்தின் எடை தனி என்று போடச் சொல்லுங்கள். ஒரு காரட் வைரம் 0.2 கிராம். அதைத் தங்கத்தோடு சேர்த்து நிறுத்தால் தங்க விலையையும் அதற்குக் கொடுத்ததாக ஆகும். நான் வாங்கியபோது இல்லாத ஒரு வசதி இப்போது இருக்கிறது: 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்யுஐடி, அதாவது அந்த நகைக்கென்றே உள்ள அடையாள எண், இருந்தாகவேண்டும். கடையில் நின்றபடியே அரசின் தர நிர்ணய அமைப்பு நடத்தும் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அடித்துப் பார்க்கலாம். அது தங்கத்துக்கான உறுதி மட்டும்தான். வைரத்துக்குத் தனியாகச் சான்றிதழ் கேட்டு வாங்கவேண்டும்.

ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் வாங்கலாமா என்று நாத்தனார் கேட்டாள். 2023இல் அமெரிக்கா போன பிரதமர் மோடி, அப்போதைய அதிபரின் மனைவி ஜில் பைடனுக்குக் கொடுத்தது 7.5 காரட் ஆய்வக வைரம்தான். கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அதுவும் அசல் கரிமக் கல்தான், கடையில் தொட்டுப் பார்க்கும் சாதாரண டெஸ்டரும் அதை வைரம் என்றே காட்டும். போட்டு அனுபவிக்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம். சுரங்க வைரத்துக்கே வாங்கிய கடைக்கு வெளியே யாரும் நல்ல விலை கொடுப்பதில்லை.

காது துளை ஏற்கெனவே கீழே இறங்கியவர்கள் ஏழுகல் எடுக்கும்போது மாட்டலையும் சேர்த்தே எடுங்கள். பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். மாட்டல் போடப் பிடிக்காது என்றால் ஒற்றைக்கல் தோடே போதும்.