மாடித் தொட்டிக்குச் செம்மண்ணா, நார்க்கழிவா?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. 5 கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்தால் பெரிய அண்டா நிறையப் பொங்கி வரும். எடை குறைவு, மாடிக்கு நல்லது; கோடையிலும் ஈரம் நிற்கும். ஆனால் உப்பு உண்டு. முதல் அலசலில் காபி நிறத்தில் தண்ணீர் இறங்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் தொட்டியில் போடாதீர்கள். சத்தும் அவ்வளவாக இல்லை.

செம்மண்ணில் வேர் உறுதியாகப் பிடிக்கும். ஆனால் தனியாகப் போட்டால் நாலு நாளில் இறுகிப் பொருக்குக் கட்டிவிடும், விரல்கூட இறங்காது. கனமும் அதிகம்.

தக்காளி, கத்தரிக்கு நான் செம்மண் இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒன்று, மக்கிய தொழுவுரம் ஒன்று எனக் கலக்கிறேன். கீரைக்கு மட்டும் நார்க்கழிவைக் கூட்டுவேன். அப்புறம், தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு.