கால்நடை வைத்திய அலுவலகமா, மருத்துவ ஆய்வுத் தொண்டு நிறுவனமா?

பேராதனையில் மிருக வைத்தியப் பட்டம் பெற்று, ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பல வருடம் அரச கால்நடை வைத்திய அதிகாரியாகப் பணியாற்றிய ஒருவருக்கு, மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் தொண்டு நிறுவனமொன்றின் தலைமைப் பதவி வந்தால் ஏற்கலாமா என்ற கேள்வியை மலையகத்தில் பெரும்பாலும் சம்பளத்தை வைத்தே பேசி முடித்துவிடுகிறார்கள். சம்பளம் இரண்டாம் பட்சம் என்பது என் எண்ணம். கையால் செய்து பழகிய வேலையை விட்டுவிட மனம் வருமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் ஒன்றிரண்டு பசுக்களை வளர்க்கும் குடும்பத்துக்கு, சேகரிப்பு நிலையம் பாலைத் திருப்பி அனுப்பினால் அன்றைய வருமானம் போயிற்று. நான்கு குழிகள் உள்ள தட்டில் காம்புக்கு ஒரு குழியாகப் பாலைக் கறந்து, சோதனைத் திரவத்தை ஊற்றி மெதுவாகச் சுழற்றும்போது, ஒரு குழியில் மட்டும் பால் கூழாகத் திரண்டால் எந்தக் காம்பில் மடியழற்சி தொடங்கியிருக்கிறது என்பது நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். தொண்டு நிறுவனத் தலைவருக்கு இந்த உடனடித் தெளிவு கிடைக்காது. இன்று அவர் ஒப்புதல் அளிக்கும் ஆய்வின் விடை வருவதற்குப் பல வருடங்கள் ஆகலாம், வரும் விடை எதிர்பார்த்ததற்கு மாறாகவும் இருக்கலாம்.

ஆனால் தகுதி என்று வரும்போது, மிருக வைத்தியரை வெளியாளாகக் கருதுவதில் நியாயமில்லை. 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பரவியபோது சந்தேக நோயாளர் தொகை 7,000ஐத் தாண்டியது. அக்கிருமியை எலிகள் மட்டுமன்றி மாடுகளும் சிறுநீர்வழி வெளியேற்றுகின்றன. நீர்வெறுப்பு நோயில் மனித உயிரைக் காப்பதற்கான மலிவான வழி நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதே. ஒரு நோயாளியைத் தனியே பார்க்காமல் மந்தையையும் கொட்டிலையும் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம், எந்த ஆய்வுக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் நாற்காலியில் பெரிதும் உதவும். 1996இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் டொஹேர்ட்டி மிருக வைத்தியம் படித்தவர். 2019இல் பைசர் நிறுவனத்தின் தலைமையை ஏற்ற அல்பேர்ட் பூர்லாவும் அப்படியே. மனிதருக்கு மருந்து எழுதும் உரிமை இவர்களுக்கு இல்லைதான். தலைமைப் பதவிக்கு அது தேவையுமில்லை. (நிறுவனத்தின் நிர்வாக சபையில் அமரும் வைத்திய நிபுணர்கள் இதை ஒப்புக்கொள்வதற்குச் சற்றுக் காலம் பிடிக்கலாம்.)

பணக் கணக்கு சுருக்கமானது. அரச சேவையில் ஓய்வூதியம் உண்டு. தொண்டு நிறுவனத்தில் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்தும் சேமலாப நிதியும், தொழில்தருநரின் 3 வீத நம்பிக்கை நிதியுமே முதுமைக்கான ஆதாரம்.

உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. நன்கொடையாளர்கள் ஆய்வுத் திட்டத்துக்குத் தாராளமாகக் கொடுப்பார்கள். கணக்காளரின் சம்பளத்துக்கும் அலுவலக வாடகைக்கும் கொடுக்கத் தயங்குவார்கள். ஆகவே தலைவரின் நேரத்தில் பெரும்பகுதி நிதி திரட்டுவதிலும், அறிக்கை எழுதுவதிலும், கொழும்புக் கூட்டங்களிலும் கரையும். ஆய்வின்மீது மட்டுமே ஆசையுள்ளவர் இதற்காக வேலையை விட வேண்டியதில்லை. கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் அவருக்குப் பொருத்தமான மூன்றாவது வழி.

மனிதரோடு பேசி உடன்பாடு காணும் ஆற்றலும் கணக்குப் புத்தகத்தை வாசிக்கும் பொறுமையும் உள்ளவருக்கு நான் தொண்டு நிறுவனத்தையே பரிந்துரைப்பேன். அவர்கூட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: குறைந்தது ஒரு வருட நிர்வாகச் செலவுக்கு இருப்பு உள்ளதா, ஆய்வுகளைத் தெரிவுசெய்வதில் நன்கொடையாளர் தலையிடாதிருக்க விதி உள்ளதா, மாதத்தில் சில நாட்களாவது தோட்டங்களுக்குப் போய்வர இடமுண்டா என்பன. முதலாவதற்கு மழுப்பலான பதில் கிடைத்தால், மற்ற இரண்டுக்கும் எவ்வளவு நல்ல பதில் வந்தாலும் கால்நடை வைத்திய அலுவலகத்தை விட்டு வராமலிருப்பதே நல்லது.