மூன்று கிலோவாட்டும் மச்சானின் நெய்வேலிக் கணக்கும்

2019 பொங்கல் முடிந்த கையோடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் ஏற்றினோம். செலவு 1,75,000 ரூபாய். மானியத்துக்கு அலையப் பொறுமையில்லை, முழுசாகக் கைக்காசு. ஏழு வருஷமாக மீட்டர் ரீடிங்கை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிவருகிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் வருஷம் 4,300 யூனிட் கிடைத்தது. போன வருஷம் 4,050. பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நாளைக்கு 13, 14 யூனிட் வரும். அக்னி நட்சத்திரத்தில் இன்னும் கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். கூடவில்லை, குறைந்தது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. சூடு ஏற ஏற அதன் திறன் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் 2 யூனிட்டோடு நின்ற நாளும் உண்டு.

எங்கள் வீட்டில் இரண்டு ஏசி. இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது 500-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய் என்றானது. 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை வெறும் 2.25 ரூபாய், தாண்டிவிட்டால் அந்த நூறுக்கும் 4.50 என்று இருந்தது. அந்தக் கணக்கில் 800 யூனிட்டுக்கு 4,550 ரூபாய் வந்திருக்கும். பேனல் 650, 700 யூனிட்டைக் கழித்துவிடுவதால் நான் கட்டுவது நூறு, இருநூறு. கோடையில் அதுவும் இல்லை. ஆக, பேனல் முதலில் வெட்டுவது விலை கூடிய மேல்தட்டு யூனிட்டுகளை. வீட்டு சோலாரின் லாபமே இதில்தான் இருக்கிறது.

இதை மச்சானிடம் சொன்னால் சிரிப்பார். நெய்வேலியில் ஊரார் ‘ஃபர்ஸ்ட் தெர்மல்’ என்று சொல்லும் முதல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோவியத் உதவியோடு கட்டி 1962-இல் ஓடத் தொடங்கியது அது. 50 மெகாவாட் மெஷின் ஆறு, 100 மெகாவாட் மெஷின் மூன்று, மொத்தம் 600 மெகாவாட். 2020 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள்.

“கடன் அடைஞ்ச மெஷின் குடுக்கிற கரண்ட்தான் மாப்ள மலிவு” என்பார். அதில் நியாயம் உண்டு. மின்வாரியம் மின்நிலையத்துக்குக் கொடுக்கும் விலையில் இரண்டு பங்கு. கட்டிய கடன், வட்டி, தேய்மானம், பராமரிப்பெல்லாம் சேர்ந்த நிலைக்கட்டணம் ஒன்று; எரிபொருள் செலவு இன்னொன்று. பழைய நிலையத்துக்கு முதலாவதில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனால் இரண்டாவது பங்கு ஏறிக்கொண்டே போகும். நெய்வேலியில் எரிப்பது லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரி, அதில் பாதிக்குப் பாதி ஈரம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பகுதி போய்விடும். சின்ன, பழைய டர்பைன் என்றால் ஒரு யூனிட்டுக்கு இன்னும் கூடுதலாக எரிக்க வேண்டும். அதனிடத்தில் வந்த புதிய நிலையத்தில் 500 மெகாவாட் மெஷின் இரண்டே இரண்டு. எரிபொருளில் சிக்கனம்தான், ஆனால் அதற்குக் கடன் உண்டு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் கொடுத்தாக வேண்டும்.

மச்சான் சொல்லித்தான் இன்னொன்றும் புரிந்தது. பகலில் சோலார் பெருகினால் தெர்மலைக் குறைத்து ஓட்டி, சாயங்காலம் மறுபடி ஏற்ற வேண்டும். ராப்பகலாக ஒரே சீராக ஓடக் கட்டிய பாய்லர் அது. சூடேறிச் சூடாறி அதன் குழாய்கள் சீக்கிரம் களைத்துப்போகும். பாதி பளுவில் ஓடும்போது யூனிட்டுக்கு எரிபொருளும் கூடுதலாகத் தின்னும். அந்தச் செலவு என் பில்லில் வராது. ராத்திரி ஏழு மணிக்கு நான் போடும் ஏசி அந்த பாய்லரை நம்பித்தான் ஓடுகிறது. மீட்டரோ பகலில் நான் கொடுத்ததை யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்கிறது. ஓசி பேட்டரி!

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பேனல் போட்டுக் கொடுத்தவர்கள் நாலே வருஷத்தில் காசு திரும்பும் என்றார்கள். ஏழு வருஷமாகியும் இன்னும் கொஞ்சம் பாக்கி. 2023-இல், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் போர்டு போனதில் 14,000 ரூபாய் பழுத்தது. திறந்து பார்த்தவர் உப்புக்காற்று என்றார். இரும்புத் தாங்கியிலும் துரு. இரண்டு முறை பெயின்ட் அடித்தாயிற்று. புறா எச்சத்தைப் பத்து நாளைக்கு ஒருமுறை கழுவாவிட்டால் ரீடிங்கே சொல்லிவிடும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அப்போது பேனலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் புயல் போய் வெயில் வந்த பிறகும் தெருவில் லைன் வரவில்லை. லைன் இல்லாவிட்டால் இந்த வகை இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக. தலைக்கு மேல் 3 கிலோவாட், வீட்டுக்குள் மெழுகுவத்தி. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

போன மாதம் மச்சானே கேட்டார், வடலூர் வீட்டில் தானும் போடலாமா என்று. பில்லைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு மாதத்துக்கு 280 யூனிட், அறுநூறு ரூபாய் சொச்சம். இப்போது 1 கிலோவாட்டுக்கு 30,000, மூன்றுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு அது போக 35,000 கையிலிருந்து போட்டாலும், பில் முழுக்கப் போனால்கூடக் காசு திரும்பப் பத்து வருஷம் ஆகும். “உங்க வீட்டுக்கு வேணாம் மச்சான், ஏசி வாங்கினா சொல்லுங்க” என்று அனுப்பிவைத்தேன்.